உப்புநீரில் ஊறிய பன்றி விலா புகையில் ஏன் கெடுகிறது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் காணும் வழிமுறை

புகையடுப்பில் ஆறு மணி நேரம் வைத்திருந்து எடுத்த விலாவைக் கடித்துப் பார்த்த பிறகே பிழை தெரியவருகிறது என்பதுதான் இந்தச் சமையலின் பெரிய சங்கடம். குழம்பென்றால் கொதிக்கும்போதே ருசி பார்த்து, தண்ணீரோ தேங்காய்ப்பாலோ விட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. ஆகவே முடிவில் தென்படும் அறிகுறியிலிருந்து பின்னோக்கி நடந்து, பிழை ஊறவைத்த தொட்டியில் நேர்ந்ததா, நெருப்பில் நேர்ந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. மிசோரி மாநிலத்தில் வீட்டுப் பின்புறத்தில் பல கோடைகளாகப் பன்றி விலாவைப் புகையில் வேகவைத்துவரும் எனக்கு, உப்புநீரின் மீது சுமத்தப்படும் பழிகளில் பாதி நெருப்புக்கு உரியவை என்றும், நெருப்பின் மீது சுமத்தப்படுபவற்றில் சில, கடையில் வாங்கிய பொட்டலத்துக்கே உரியவை என்றும் படுகிறது.

உப்புநீர் செய்யக்கூடியது இரண்டே காரியங்கள். ஒன்று, உப்பை இறைச்சிக்குள் செலுத்துவது. மற்றொன்று, அப்படிச் சென்ற உப்பு மயோசின் முதலான தசைப் புரதங்களை ஓரளவு கரைத்தும் வீங்கச் செய்தும் வைப்பதால், வேகும்போது வெளியேறிவிடக்கூடிய நீரில் ஒரு பகுதியை உள்ளேயே பிடித்துவைப்பது. நம் ஊர் உப்புக்கண்டத்தில் உப்பு இறைச்சியின் நீரை இழுத்து வெளியேற்றுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். அங்கே உப்பு மிகுதியாகவும் உலர்ந்தும் இருக்கிறது, பிறகு வெயிலும் சேர்கிறது. இங்கே நீர்த்த கரைசல் என்பதால் நீரும் உப்போடு உள்ளே போகிறது. எலும்பையும் தசையையும் பிணைத்திருக்கும் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவை உப்புநீர் கரைப்பதில்லை. அதைக் கரைத்து வழுவழுப்பான ஜெலட்டினாக்குவது வெப்பமும் நேரமும்தான். எனவே உவர்ப்பு, சாறு, தசையின் இறுக்கம் ஆகியவற்றில் குறை இருந்தால் தொட்டியைச் சந்தேகியுங்கள். எலும்பை விட்டு வராமை, கசப்பு, நிறம் ஆகியவற்றில் குறை இருந்தால் அடுப்பைச் சந்தேகியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் என்பதால் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். 4 லிட்டர் நீருக்கு 200 கிராம் உப்பு, 100 கிராம் பழுப்புச் சர்க்கரை. இது ஏறத்தாழ 5 சதவீத உப்புநீர். முதுகெலும்பை ஒட்டி வெட்டப்படும் பேபி பேக் விலாவுக்கு 4 மணி நேரம். வயிற்றுப்புற விலாவிலிருந்து மார்பெலும்பையும் குருத்தெலும்புப் பகுதியையும் நீக்கிச் செவ்வகமாக்கிய செயின்ட் லூயிஸ் வெட்டுக்கு 6 மணி நேரம். பிறகு ஈரம் ஒற்றி, அடுப்பை 107 முதல் 121 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து வேகவிடுவேன்.

அறிகுறி: உப்புக் கரிக்கிறது

எல்லாப் பிழைகளிலும் அதிகம் நேர்வது இதுதான். இதற்குக் காரணங்கள் பல இருப்பதால், கீழ்க்கண்ட வரிசையிலேயே சோதிப்பது நல்லது.

முதலில் குப்பைத்தொட்டியிலிருந்து இறைச்சிப் பொட்டலத்தின் உறையை எடுத்துப் படியுங்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பன்றி இறைச்சியில் கணிசமான பகுதி, நீர், உப்பு, சோடியம் பாஸ்பேட் ஆகியவை கலந்த கரைசல் ஊசியால் ஏற்றப்பட்டே வருகிறது. 'கரைசல் 12 சதவீதம் வரை சேர்க்கப்பட்டது' என்பது போன்ற வாசகம் உறையில் சிறிய எழுத்தில் இருக்கும். வாசகம் கண்ணில் படாவிட்டால் ஊட்டச்சத்துப் பட்டியலில் சோடியத்தைப் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு, அதாவது 4 அவுன்ஸ் எனப்படும் 112 கிராமுக்கு, 100 மில்லிகிராமையொட்டி இருந்தால் அது இயற்கையான இறைச்சி. 200, 300 என்று ஏறினால் உங்களுக்கு முன்பே யாரோ அதை ஊறவைத்துவிட்டார்கள் என்று பொருள். அத்தகைய விலாவை மீண்டும் உப்புநீரில் இடக் கூடாது. என் முதல் கோடையில் விலை மலிவாக இருக்கிறதென்று இப்படிப்பட்ட நான்கு பாளங்களை வாங்கி, சமையற்குறிப்பை ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றி, விருந்தாளிகள் ஒவ்வொருவரும் இரண்டாவது குவளைத் தண்ணீர் கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அன்று குறிப்பிலும் பிழையில்லை, அடுப்பிலும் பிழையில்லை.

உறை சுத்தமாக இருந்தால், உப்பை எப்படி அளந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கோப்பைக் கணக்கில் அளந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 240 மில்லிலிட்டர் அளவுக் கோப்பையில் பொடியான மேசை உப்பு சுமார் 290 கிராம் பிடிக்கும். கோஷர் எனப்படும் பருமணி உப்பில் மார்ட்டன் நிறுவனத்தினுடையது சுமார் 240 கிராம். டைமண்ட் கிரிஸ்டல் நிறுவனத்தின் கோஷர் உப்போ சுமார் 140 கிராம்தான். ஒரு குறிப்பை எழுதியவர் கடைசியாகச் சொன்ன உப்பை மனத்தில் வைத்து 'ஒரு கோப்பை' என்று எழுதி, நீங்கள் மேசை உப்பைக் கொட்டினால், தொட்டியில் விழுவது இரு மடங்கு உப்பு. கல்லுப்பைக் கைப்பிடியால் அளந்தே ருசியாகச் சமைத்த அம்மாக்களின் பிள்ளைகள் நாம் என்றாலும், அந்தக் கை ஒரே கடையின் ஒரே உப்பில் முப்பது ஆண்டுகள் பழகிய கை என்பதை மறந்துவிடக் கூடாது. தராசு வாங்குங்கள்.

மூன்றாவது, நேரம். விலா மெல்லிய இறைச்சி. இரு எலும்புகளுக்கு இடையில் இருப்பது விரல் கனம்தான். முழுத் தொடைக்கோ வான்கோழிக்கோ எழுதப்பட்ட 'இரவு முழுவதும்' என்ற கணக்கை 5 சதவீத நீரில் இதற்குப் பொருத்தினால் கரிக்கத்தான் செய்யும். இரவில் ஊறவைப்பதுதான் வசதி என்றால் சமநிலைக் கணக்கைப் பின்பற்றலாம்: இறைச்சியையும் நீரையும் சேர்த்து எடைபோட்டு, அந்த மொத்தத்தில் 1.2 சதவீதம் மட்டும் உப்பு இட வேண்டும். 2 கிலோ விலா, 3 லிட்டர் நீர் என்றால் 60 கிராம். உள்ளும் புறமும் செறிவு சமமாகும் வரை மட்டுமே உப்பு நகரும் என்பதால், காலையில் எழுந்திருக்கத் தாமதமானாலும் பழுதில்லை. எலும்பு தன் பங்கு உப்பை எடுத்துக்கொள்ளாமல் சதையில் விட்டுவிடுவதால், 1.2 சதவீதத்துக்கு மேல் நான் போவதில்லை.

நான்காவது, மேலே தூவிய மசாலா. கடையில் டப்பாவில் விற்கும் விலா மசாலாக்களின் சேர்மானப் பட்டியலில் முதல் பெயரோ இரண்டாம் பெயரோ பெரும்பாலும் உப்புதான். எடை மிகுந்தது முதலில் வரும்படிதான் அந்தப் பட்டியலை அச்சிட வேண்டும் என்பது விதி. உப்புநீரில் ஊறிய விலாவுக்கு உப்பில்லாத மசாலாவை வீட்டிலேயே அரைத்துக்கொள்வது ஒன்றே வழி. மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுத்தூள், பழுப்புச் சர்க்கரை, பப்ரிக்கா போதும்.

அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. பாளத்தின் உட்புறத்தில் மடல் போலத் தொங்கும் சதைத்துண்டை வெட்டி, ஒற்றி, சிறிது எண்ணெயில் வாணலியில் வறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கரித்தால், பாளத்தைக் குளிர்ந்த வெறும் நீரில் ஃபிரிட்ஜுக்குள் 30 முதல் 60 நிமிடம் வைத்து, மீண்டும் ஒரு துண்டை வறுத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கரிப்பது தெரிந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. சதையை எலும்பிலிருந்து பிரித்து நறுக்கி, உப்பிடாமல் வேகவைத்த பீன்ஸில் கலந்துவிடுவதுதான் மிச்சமிருக்கும் வழி. கான்சஸ் நகரத்து உணவகங்களில் கரித்த விலா இல்லாமலேயே அப்படிப் பீன்ஸில் இறைச்சி கலந்து பரிமாறுகிறார்கள், ஆகவே விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

அறிகுறி: ஊறவைத்தும் உப்பு ஏறவில்லை, அல்லது ஓரிடத்தில் இருக்கிறது, ஓரிடத்தில் இல்லை

எலும்புப் பக்கத்தில் உள்ள சவ்வை உரித்தீர்களா என்று பாருங்கள். அந்த மெல்லிய படலம் உப்பின் வழியை ஒரு பக்கம் மறித்துவிடுகிறது. பின்னர் புகையையும் மறித்து, வெந்த பிறகு காகிதம் போல வாயில் சிக்குகிறது. நடு எலும்பின் மீது மழுங்கிய கத்தியின் நுனியை நுழைத்துத் தூக்கி, வழுக்காமலிருக்கக் காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஊறவைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

சவ்வு காரணமில்லையென்றால் தொட்டிக்குள் பாளங்கள் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தால் நடுவில் இருப்பதற்கு நீர் சேராது. மேலே மிதந்தால் வெளியே தெரியும் பகுதிக்கு உப்பு சேராது. கனமான தட்டொன்றைக் கவிழ்த்து அமிழ்த்திவைத்து, பாதி நேரத்தில் வரிசையை மாற்றிவிடுங்கள்.

ஐஸ்பெட்டியில் ஊறவைப்பவர்கள் செய்யும் தவறு வேறு. நீர் சூடாகாமலிருக்க இடையிடையே ஐஸ்கட்டிகளைப் போடுகிறார்கள். உருகுவது வெறும் நீர் என்பதால் 5 சதவீதமாகத் தொடங்கிய கரைசல் நாலாகவும் மூன்றாகவும் நீர்த்துப்போகிறது. ஐஸை மூடிய பைகளிலோ உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளிலோ வைத்து இறக்க வேண்டும். தொடக்கத்திலேயே கரைசலைக் குளிரவைக்க ஐஸைப் பயன்படுத்தலாம், ஆனால் கணக்கில் சேர்த்து: 1 லிட்டர் கொதிநீரில் உப்பையும் சர்க்கரையையும் கரைத்து, அதில் 3 கிலோ ஐஸைக் கொட்டினால் சில நிமிடங்களில் இறைச்சியை இடும் குளிர்ச்சி வந்துவிடும்.

உப்பு சரியாக இருந்து, கரைசலில் போட்ட கிராம்பு, பட்டை, மிளகு எதுவுமே உள்ளே தெரியவில்லை என்று குறைப்படுபவர்களும் உண்டு. அது பிழையே அல்ல. உப்பைப் போல வாசனைப் பொருள்கள் சதைக்குள் ஆழமாகச் செல்வதில்லை. பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால், விலை கொடுத்து வாங்கிய பட்டையையும் கிராம்பையும் 4 லிட்டர் நீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுவதைவிட மேலே தூவும் மசாலாவில் சேர்ப்பதே உத்தமம்.

அறிகுறி: சதை ரப்பர் போல் துள்ளுகிறது, ஹாம் எனப்படும் பதப்படுத்திய பன்றித்தொடை போல் இருக்கிறது

ஒரு நாளுக்கு மேல் ஊறியதாலோ, செறிவு மிகுந்ததாலோ புரதங்கள் மிகுதியாகக் கரைந்து, வேகும்போது ஒன்றோடொன்று பிணைந்து இறுகியதன் விளைவு இது. வெட்டிய முகம் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் தெரியும், நார் பிரியாது. பாஸ்பேட் கலந்த கரைசல் ஏற்றிய இறைச்சியில் ஊறவைக்காமலே இந்தத் தன்மை ஓரளவு இருக்கும். மீண்டும் வெறும் நீரில் போட்டால் உப்பு குறையலாம், ஆனால் மாறிய சதை பழைய நிலைக்குத் திரும்பாது. அடுத்த முறை நேரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு திருத்தமில்லை.

இதற்கு நேர்மாறாக, மேற்பரப்பு மட்டும் மாவு போலக் குழைந்திருந்தால் கரைசலில் புளிப்போ பழச்சாறோ சேர்த்திருப்பீர்கள். வினிகரின் அமிலமும் பச்சை அன்னாசிச்சாற்றின் நொதியும் மேல் அரை அங்குலத்தைக்கூட எட்டாமல் வெளிப்புறத்தை மட்டும் சிதைக்கின்றன. வினிகர் பிடித்தவர்கள் அதைப் புகையடுப்பில் தெளிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: உள்ளே ரோஜா நிறமாக இருக்கிறது

விளிம்பை ஒட்டிச் சில மில்லிமீட்டர் அகலத்தில் மட்டும் இளஞ்சிவப்பு ஓடினால், அது புகை வளையம், அச்சப்பட ஏதுமில்லை. எரியும் விறகிலிருந்தும் கரியிலிருந்தும் வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் ஈரமான மேற்பரப்பில் கரைந்து, தசையின் நிறமியான மயோகுளோபினுடன் சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்கச் செய்கின்றன. சதை ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டியதும் நிறமி மாறிவிடுவதால், குளிர்ந்த விலாவை நேராக ஃபிரிட்ஜிலிருந்து அடுப்பில் ஏற்றியவருக்கு வளையம் அகலமாக விழும். வெந்ததா இல்லையா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவுசெய்யாமல் வெப்பமானியைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். பன்றி இறைச்சியின் முழு வெட்டுகளுக்கு 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் போதும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2011 முதல் சொல்லிவருகிறது, விலாவோ மென்மைக்காக அதைவிட மிக உயர்ந்த வெப்பத்துக்குப் போகிறது.

வளையமாக இல்லாமல் சதை முழுவதும் ஒரே ரோஜா நிறமாக இருந்தால் மட்டும் நிறுத்தி யோசியுங்கள். எந்த உப்பைப் போட்டீர்கள்? இறைச்சியைப் பதப்படுத்தப் பயன்படும் க்யூரிங் உப்பு, சாதாரண உப்போடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே ரோஜா நிறம் ஏற்றப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் இந்துப்பும் ரோஜா நிறம் என்பதால், எச்சரிக்கைக்காகச் செய்த ஏற்பாடே நமக்குக் குழப்பமாகிவிடுகிறது. க்யூரிங் உப்பு முதல் வகையில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் உள்ளது. கிலோ இறைச்சிக்கு இரண்டு மூன்று கிராம் என்று கணக்கிட்டுச் சேர்க்க வேண்டியதை, சமையல் உப்பின் இடத்தில் 200 கிராம் கொட்டியிருந்தால் அது நஞ்சு. ருசிகூடப் பார்க்காமல் இறைச்சியையும் நீரையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

அறிகுறி: மேலே பொருக்கு பிடிக்கவில்லை, வெளிறி ஈரமாக இருக்கிறது

உப்புநீரிலிருந்து எடுத்ததும் நேராக மசாலா தூவி அடுப்பில் வைத்தால் இப்படித்தான் முடியும். மேற்பரப்பில் நீர் நிற்கும்வரை வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. மசாலா குழம்பாகி வழிகிறது. காகிதத் துண்டால் இருபுறமும் அழுத்தி ஒற்றி, கம்பித்தட்டின் மேல் மூடாமல் ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதம் வந்தபின் மசாலா தூவுங்கள். மீனுக்குச் செய்வதுபோல இரவு முழுவதும் உலர்த்த வேண்டியதில்லை. சிறிது ஈரம் இருந்தால்தான் புகை பிடிக்கும். அடிக்கடி மூடியைத் திறந்து சாறு தெளிப்பதும், பொருக்கு உறையும் முன்பே அலுமினியத் தாளில் சுற்றுவதும் இதே குறையை உண்டாக்கும். நகத்தால் கீறினால் மசாலா பெயராத நிலைக்கு வந்த பிறகே சுற்றுங்கள்.

பொருக்கு வந்தும் கசந்தால் அது புகையின் குற்றம். காற்று போதாமல் விறகு புகைந்து அடர்ந்த வெண்புகை கக்கும்போது கிரியோசோட் என்னும் கசப்பான தார் போன்ற பொருள் படிகிறது. மேல் துவாரத்தை முழுவதும் திறந்து, புகை மெல்லிய நீலமாகத் தெளிந்த பிறகே விலாவை வையுங்கள். ஹிக்கரியோ ஆப்பிளோ முஷ்டியளவு இரண்டு மூன்று கட்டைகள் போதும். மெஸ்கீட் மரத்தை விலாவுக்கு நான் தொடுவதில்லை. கசப்போடு கறுத்தும் இருந்தால் சர்க்கரை கருகியிருக்கிறது. தக்காளியும் கரும்புப்பாகும் சேர்ந்த கான்சஸ் நகரத்துச் சாஸைத் தொடக்கத்திலேயே பூசுபவர்களுக்கு இது நேரும்; கடைசி அரை மணி நேரத்துக்கு முன் அதைப் பூசக் கூடாது.

அறிகுறி: கடிக்க முடியவில்லை, அல்லது தொட்டதும் உதிர்கிறது

இரண்டுக்கும் உப்புநீரோடு தொடர்பில்லை. 'இன்னும் நாலு மணி நேரம் ஊறவைத்திருந்தால் மென்மையாக வந்திருக்கும்' என்று சொல்பவர்கள் அடுத்த முறை கடினமாகவும் கரிப்பாகவும் சாப்பிடுவார்கள். எலும்பில் படாமல் சதையின் நடுவில் குத்திய வெப்பமானி 90 முதல் 95 டிகிரி காட்டும் வரை கொலாஜன் கரைந்து முடியாது. இடையில் 65, 75 டிகிரிகளுக்கு நடுவே மேற்பரப்பின் ஆவியாதல் குளிரவைப்பதால் வெப்பம் ஏறாமல் நிற்கும் கட்டம் ஒன்று உண்டு; அடுப்பு அணைந்துவிட்டதோ என்று பதறிக் கரியைக் கொட்டாதீர்கள். பாளத்தை ஒரு முனையில் இடுக்கியால் தூக்கினால் அது வளைந்து, மேற்பரப்பில் விரிசல் விட வேண்டும். எலும்பு முனைகள் அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும்.

உதிர்ந்துபோவதைச் சிறப்பென்று எண்ணுபவர்கள் பலர். 1985இல் தொடங்கிய கான்சஸ் நகர பார்பெக்யூ சங்கத்தின் போட்டிகளில் அது மிகையாக வெந்ததன் அடையாளம். கடித்த இடத்தில் மட்டும் சதை பெயர்ந்து பல்லின் தடம் நிற்க வேண்டும் என்பதே அங்கே இலக்கணம். வீட்டில் பாட்டிகளும் குழந்தைகளும் உண்ணும் விருந்துக்கு உதிரும் பதமே நல்லதென்று நானே சில நாள்களில் விட்டுவிடுவதுண்டு. ஆனால் உப்புநீரில் ஊறிய விலாவைத் தாளில் சுற்றி மூன்று மணி நேரம் வைத்தால், பிடித்துவைத்த சாறெல்லாம் தாளுக்குள் வடிந்துவிடும்; ஊறவைத்த பயன் அதோடு போயிற்று. பேபி பேக்குக்குச் சுற்றிவைக்கும் நேரம் ஒன்றரை மணியைத் தாண்ட வேண்டாம்.

அறிகுறி: தொட்டியிலிருந்து எடுக்கும்போதே வாடை வருகிறது

காற்றகற்றிய பொட்டலத்தைத் திறந்ததும் வரும் மந்தமான வாடை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலைந்துபோகும், அதனால் கேடில்லை. ஊறிய பிறகும் புளித்த வாடை நிற்பதும், விரலுக்கு நூல் போல வழவழப்பு ஒட்டுவதும் வேறு சங்கதி. கரைசல் ஆறுவதற்கு முன்பே இறைச்சியை இட்டிருப்பீர்கள், அல்லது கோடையில் தொட்டியை வண்டிக் கொட்டகையில் விட்டிருப்பீர்கள். 5 சதவீத உப்பு இறைச்சியைப் பாதுகாக்கும் அளவல்ல. தொடக்கம் முதல் முடிவுவரை 4 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். வாடை அடித்ததைப் புகை மறைக்கும் என்று அடுப்பில் ஏற்றாதீர்கள்.

வாடை இல்லாவிட்டாலும், ஒருமுறை பயன்படுத்திய உப்புநீரை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது, காய்ச்சிச் சாஸாக்கவும் கூடாது. கழுவுதொட்டியில் ஊற்றி, அந்தத் தொட்டியைச் சோப்பால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெளியே வேலை செய்கிற வசதிக்காகப் புல்தரையில் ஊற்றினால், ஊற்றிய இடத்தில் அந்தக் கோடை முழுவதும் புல் முளைக்காது.